கார்த்திகை வந்தால் கக்கூஸ் அடைக்கும்

கொட்டிவாக்கத்தில் வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் போர் தண்ணி எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். வண்டி நிறுத்த இடம் இருக்கா, மாடியில் கடல் காத்து வருமா என்றும் கேட்பார்கள். கக்கூஸில் ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று என்னிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டு வைத்திருந்தால், கார்த்திகை மாதத்தில் நடுராத்திரி கதவைத் தட்டி, "டீச்சர், டாய்லெட் அடைச்சுக்கிச்சு, தண்ணி மேல வருது" என்று நிற்கிறபோது முகத்தில் அத்தனை ஆச்சரியம் இருக்காது.

பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அரை கிரவுண்டில் கீழே நாங்கள், மேலே குடித்தனம். கொட்டிவாக்கம் பஞ்சாயத்தாக இருந்த காலத்தில் இங்கே வந்தோம். 2011-ல் ஊரைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். இப்போது பெருங்குடி மண்டலம். வரி மாநகராட்சிக்குப் போகிறது, எங்கள் தெருவின் கழிவு மட்டும் அவரவர் வீட்டு செப்டிக் டேங்குக்குப் போகிறது. மயிலாப்பூரில் இருக்கும் என் நாத்தனாருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அவர்கள் பக்கத்தில் அடைத்தால் மெட்ரோ வாட்டருக்கு ஒரு போன். இங்கே டேங்கும் நம்முடையது, குழாயும் நம்முடையது, மண்டையிடியும் நம்முடையது. அந்த மண்டையிடியில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

கக்கூஸ் எப்போதாவது ஒரு தடவை அடைத்தால் பெரிய விஷயமில்லை. திரும்பத் திரும்ப அடைத்தால் பேனை மட்டும் குத்திக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் கிடையாது. பேனுக்கு அடியில் வளைவு, வளைவிலிருந்து நாலு இன்ச் குழாய், குழாயிலிருந்து வெளியே சேம்பர், சேம்பரிலிருந்து டேங்க், டேங்கிலிருந்து சோக் பிட் என்கிற உறிஞ்சுகுழி, அதற்கப்புறம் மண். இதில் எந்த இடம் மக்கர் செய்தாலும் தண்ணீர் தெரிகிற இடம் பேன்தான்.

ஆகவே அடைத்தவுடன் முதல் வேலை வெளியே போய் சேம்பர் மூடியைத் திறப்பது. வீட்டுச் சுவரை விட்டு வந்த குழாய் திரும்புகிற இடத்தில் ஒன்றரை அடிச் சதுரத்தில் சிமெண்டு மூடி போட்டிருக்குமே, அதுதான். கடப்பாரை நுனியால் நெம்பினால் வரும். பத்துப் பதினைந்து கரப்பான் சிதறி ஓடும், ஒதுங்கி நில்லுங்கள். பேன் நிரம்பியிருக்க சேம்பர் வறண்டு கிடந்தால், அடைப்பு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சேம்பரும் தளும்பி நின்றால் பேனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை; சிக்கல் கீழே, டேங்குக்குப் போகிற குழாயிலோ டேங்கிலேயோ. மூடியைத் திறந்து பார்க்காமலே டாய்லெட்டுக்குள் பம்ப்போடு நுழைகிற பிளம்பரை நான் நம்புவதில்லை.

இன்னும் ஒரு சோதனை வீட்டுக்குள்ளேயே செய்யலாம். ஃப்ளஷை அழுத்தினால் போகாத கழிவு, ஒரு முழு வாளித் தண்ணீரை மளமளவென்று ஊற்றினால் போகிறதா? போனால் குழாயில் அடைப்பு இல்லை, ஃப்ளஷில்தான் வேகம் இல்லை. எங்கள் பக்கத்தில் இது சகஜம். போர் தண்ணீரில் உப்பு அதிகம். பேனின் விளிம்புக்கு அடியில் வரிசையாக இருக்கிற ஓட்டைகளில் சுண்ணாம்பாகப் படிந்து, கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிடும். ஒரு சின்னக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் தெரியும். பழைய ஃப்ளஷ் டேங்க் ஒரு தடவைக்குப் பத்து லிட்டர் கொட்டியது; இப்போது வருகிறவை ஆறு லிட்டர், சின்னப் பொத்தானுக்கு மூன்று லிட்டர். மேல் வீட்டு ஐ.டி. பையன்கள் எல்லாவற்றுக்கும் சின்னப் பொத்தானையே அழுத்தி நாட்டின் தண்ணீரைச் சேமித்துக்கொண்டிருந்தார்கள். சிறுநீருக்கு அது போதும், மற்றதற்குப் பெரிய பொத்தான் என்று உட்காரவைத்துப் பாடம் நடத்த வேண்டியிருந்தது.

இனி வளைவு. பேனுக்கு அடியில் குழாய் நேராகப் போகாமல் வளைந்து, அதில் எப்போதும் இரண்டு இன்ச் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். டேங்கின் நாற்றம் வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் 1775-ல் இந்த வளைவு வைத்த கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றும் அதே யோசனைதான், ராணிப்பேட்டை பீங்கானாக இருந்தாலும் சரி, இத்தாலியிலிருந்து வந்ததாக இருந்தாலும் சரி. ஆனால் அந்த வளைவு, பின்னால் வருகிற நாலு இன்ச் குழாயை விடக் குறுகலானது. நீளமான பொருள் எது விழுந்தாலும் அங்கேதான் மாட்டும்.

முன்பு மேல் வீட்டில் ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் வெஸ்டர்ன் டாய்லெட் அடைப்பதும், பம்ப் அடித்தால் சரியாவதும், அடுத்த வாரமே மறுபடி அடைப்பதுமாக இருந்தது. ஃப்ளஷ் சரி, சேம்பர் காலி, கீழே எங்களுடையது ஒழுங்காகப் போகிறது. எங்கள் பிளம்பர் தம்பி, "பம்ப் அடிச்சா தண்ணி போயிரும் டீச்சர். ஆனா மாட்டினது உள்ளயே உக்காந்துக்கினு இருக்கும். கழட்டிப் பாத்துரலாம்" என்றார். அடியில் இருந்த வெள்ளை சிமெண்டை உளியால் தட்டி எடுத்து, இரண்டு போல்ட்டையும் கழற்றி, பேனை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய்க் கவிழ்த்தார். வளைவுக்குள் ஒரு பல் பிரஷ் குறுக்கே நின்றது. தலை ஒரு பக்கச் சுவரில், கைப்பிடி எதிர்ச் சுவரில். அதைச் சுற்றி முடி, முடியைப் பிடித்துக்கொண்டு குழந்தையைத் துடைக்கிற வைப்ஸ், அதன் மேல் ஒரு ஷாம்பூ பாக்கெட்டின் கிழிந்த மூலை. தண்ணீர் போக வழி இருந்தது, மற்றது எதுவும் போக வழியில்லை. பிரஷ் யாருடையது என்று அந்த வீட்டில் அன்று நடந்த விசாரணையை இங்கே எழுதப் போவதில்லை.

ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து ஏழைக்கும் எட்டவைத்தது கடலூர் சின்னிகிருஷ்ணன். தமிழ்நாட்டுக்குப் பெருமைதான். கிழித்தெறிகிற அந்த மூலை எத்தனை வீட்டுக் குழாய்களில் கிடக்கிறது என்பதும் அந்தச் சரித்திரத்தில் சேரும்.

வைப்ஸ் விஷயத்தில் என் பேச்சை நம்பாதவர்களுக்கு ஒரு பரிசோதனை. இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர். ஒன்றில் டாய்லெட் பேப்பர், மற்றதில் வைப்ஸ். ஸ்பூனால் நன்றாகக் கலக்கிவிட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். பேப்பர் கூழாகிவிடும். வைப்ஸைக் காலையில் எடுத்துப் பிழிந்து கொடியில் காயப்போடலாம், ஏனென்றால் பெரும்பாலும் அதில் பாலியெஸ்டர் இழை கலந்திருக்கிறது. நாப்கின் இன்னும் மோசம். அதற்குள் இருக்கிற சோடியம் பாலிஅக்ரிலேட் தண்ணீரைக் குடித்துக் குடித்து உப்பும்; குழாய்க்குள் அதை விட நல்ல தக்கை கிடையாது. 2016-ம் வருஷத்துத் திடக்கழிவு விதிகளே அதைத் தனியாகச் சுற்றிக் குப்பையில் போடச் சொல்லிவிட்டன. எண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று லண்டன்காரர்கள் பார்த்தார்கள். 2017-ல் ஒயிட்சாப்பல் பகுதியின் சாக்கடைக்குள் கொழுப்பும் வைப்ஸும் சேர்ந்து இறுகி, 250 மீட்டர் நீளத்தில் 130 டன் எடையில் கிடந்தது. வெட்டியெடுத்ததில் ஒரு துண்டை மியூசியத்தில் வேறு வைத்தார்கள். பழைய சாம்பாரையும் மீந்த சோற்றையும் டாய்லெட்டில் கொட்டுகிறவர்கள் கவனிக்க.

குழாய் போட்ட விதத்திலும் தப்பு இருக்கலாம். பத்தடிக்கு மூணு இன்ச் வாட்டம் என்பது மேஸ்திரிகளின் கணக்கு. வீட்டைப் பின்னால் இழுத்துக் கட்டும்போது பழைய குழாயை நீட்டுவார்கள், வாட்டம் போய்விடும். நாற்பத்தைந்து பாகை வளைவு இரண்டு போட வேண்டிய இடத்தில் ஒரே எல்போவாகப் போட்டு முடிப்பார்கள். மேலே ஃப்ளஷ் செய்யும்போது கீழ் வீட்டு பேன் குளுக் குளுக் என்று சத்தம் போட்டால், மொட்டை மாடிக்கு ஏறுகிற காற்றுக் குழாயைப் பாருங்கள். அது அடைத்திருந்தாலும், பெயிண்ட் அடிக்கும்போது யாராவது அதன் வாயை மூடியிருந்தாலும், தண்ணீர் தயங்கித் தயங்கித்தான் இறங்கும். தென்னை இருக்கிற வீட்டில் வேரையும் சந்தேகப்படுங்கள். பழைய ஸ்டோன்வேர் குழாயின் சிமெண்டு இணைப்பில் மயிரிழை விரிசல் போதும் அதற்கு.

இப்போது ஆசிட். அடைப்பு என்றதும் கடைக்குப் போய் ஆசிட் பாட்டில் வாங்கி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குள் இருக்கிற டீச்சர் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் உப்புப் படிவைக் கரைக்கும். முடியைக் கரைக்காது, துணியைக் கரைக்காது, பல் பிரஷ்ஷை ஒன்றும் செய்யாது. அடைத்து நிற்கிற தண்ணீரில் அதை ஊற்றிவிட்டுப் பிறகு பம்ப் அடித்தால் தெறிப்பது முகத்தில். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டால் குளோரின் வாயு வரும். ஜன்னல் இல்லாத பாத்ரூமில் அது விளையாட்டு இல்லை. எல்லாம் தாண்டி டேங்குக்குப் போய்ச் சேர்ந்தால், கழிவைச் செரிக்க வைக்கிற பாக்டீரியாவைக் கொல்லும்.

இன்னொன்றும் உண்டு. பிளஸ் டூ சால்ட் அனாலிசிஸ் செய்தவர்களுக்கு கிப் உபகரணம் ஞாபகம் இருக்கும். இரும்பு சல்பைடின் மேல் ஆசிட் பட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு வரும். செப்டிக் டேங்கின் அடியில் இருக்கிற கறுப்புச் சேற்றுக்கு அந்தக் கறுப்பைக் கொடுப்பதே பெரும்பாலும் இரும்பு சல்பைடுதான். நாங்கள் லேபில் புகைபோக்கிக்குக் கீழே வைத்துச் செய்ததை ஜனங்கள் வீட்டு வாசலில் செய்கிறார்கள்.

பம்ப் அடிப்பதென்றால் இந்தியன் டைப்புக்கு வெறும் ரப்பர் கிண்ணம் போதும். வெஸ்டர்னுக்குக் கிண்ணத்துக்குள்ளிருந்து ஒரு கழுத்து நீண்டிருக்கிற வகை வேண்டும். ரப்பர் முழுக்கத் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். அழுத்துவதை விட இழுப்பதில்தான் பலன். அதற்கும் அசையாவிட்டால் குழாய்க்குள் ஸ்பிரிங் கம்பி விட வேண்டும்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். கொட்டிவாக்கத்தின் சொந்த வியாதி வேறு. ஐப்பசி, கார்த்திகையில் எல்லா டாய்லெட்டும் ஒன்றாக மந்தமாகி, பாத்ரூம் தண்ணீரும் இறங்காமல் நின்று, தை பிறந்ததும் தானாகச் சரியாகும். நவம்பர் 19 உலகக் கழிப்பறை தினமாம். ஐ.நா. சபை 2013-ல் அங்கீகரித்தது. எங்களுக்கென்றே தேதி பார்த்த மாதிரி இருக்கிறது.

காரணம் எங்கள் மண். திருவான்மியூரிலிருந்து தெற்கே கடலோரம் முழுக்க மணல். அந்த மணலுக்குள் இருக்கிற நல்ல தண்ணீரைச் சென்னை நகரமே வருஷக்கணக்காக இறைத்துக் குடித்தது. வடகிழக்குப் பருவமழை வலுத்தால் நிலத்தடி நீர் மளமளவென்று மேலே வந்துவிடும். செம்பருத்திக்குக் குழி தோண்டினால் குழியிலேயே தண்ணீர் ஊறும். அந்த நேரத்தில் சோக் பிட் தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கும். டேங்கிலிருந்து வருகிற கழிவுநீரை உறிஞ்சவேண்டிய மண், தானே நிரம்பியிருக்கிறது. செங்கல் டேங்கில் கீறல் இருந்தால் நிலத்தடி நீர் வெளியேயிருந்து உள்ளே வேறு வரும். டேங்கின் மட்டம் ஏறி, குழாயின் வாயை மூடி, சேம்பர் நிறைந்து, கடைசியில் கீழ் வீட்டு பேனில் தெரியும். மாடிக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது, தாராளமாகக் குளிப்பார்கள்.

"லாரிக்காரன் ஏமாத்திட்டான், உறிஞ்சின மறுநாளே ரொம்பிடுச்சு" என்று எங்கள் தெருவில் வருஷாவருஷம் ஒரு புகார் எழும். லாரிக்காரர் பாவம். கார்த்திகையில் டேங்கை உறிஞ்சச் சொல்வது கடல் மணலில் குழி தோண்டித் தண்ணீரை இறைத்துக் காட்டு என்பது போல. இறைக்க இறைக்க ஊறும். பிளாஸ்டிக் டேங்க் புதைத்தவர்கள் மழை நேரத்தில் முழுக்கக் காலி செய்யவே கூடாது. காலி டேங்கை நிலத்தடி நீர் மேலே தூக்கிவிடும். குழாய் இணைப்பு எல்லாம் பிய்ந்துபோகும்.

ஆகவே டேங்கை ஆடி, ஆவணியில் உறிஞ்சிவிட வேண்டும். இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை என்பது அரசு நெறிமுறைகளும் சொல்கிற கணக்கு. நிறைய பேர் நிரம்பி வழிந்தால்தான் கூப்பிடுகிறார்கள். டேங்க் எப்போதுமே தண்ணீரால் நிரம்பித்தான் இருக்கும். அதுதான் அதன் வேலை செய்கிற நிலை. அடியில் சேறு தங்கும், மேலே ஏடு மிதக்கும், நடுவில் தெளிந்த நீர் வெளியே போகும். சேறு பாதி உயரத்துக்கு வந்துவிட்டால் தெளிய இடமின்றிச் சேறும் சேர்ந்து போய் சோக் பிட்டை அடைக்கும். அப்புறம் பருவமழை வேண்டாம், பங்குனியிலேயே அடைக்கும். ஈஸ்ட், வெல்லம், கடையில் விற்கிற பாக்டீரியா பவுடர் எதைப் போட்டாலும் உறிஞ்ச வேண்டிய சேறு உறிஞ்ச வேண்டியதுதான்.

காலி செய்த கையோடு உள்பக்கம் நீர்புகாப் பூச்சு பூசிவிட்டால் பாதி தொல்லை குறையும். அதையும் லாரி உறிஞ்சியவுடன் யாரையாவது இறக்கிச் செய்யாதீர்கள். முறையான கருவிகளோடு வருகிற ஆளிடம் விட வேண்டிய வேலை. வாஷிங் மெஷின் தண்ணீரை டேங்கில் விடாமல் தோட்டத்துக்குப் பிரித்து விடுவது இன்னொரு நல்ல வழி. தரைத்தளத்துக் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் திரும்பி வருவது நிற்கும், ஆனால் தண்ணீர் வெளியே போகவும் வழியிருக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

சென்னையில் இன்னொரு கூத்து: ரோடு உயர்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் வீடுகள் பள்ளத்துக்குப் போயின. சுரண்டிவிட்டுத்தான் போடவேண்டும் என்று 2021-ல் அரசு கண்டிப்பாகச் சொன்னது. அதற்குள் பல வீடுகளின் டேங்க் மூடி தெருவை விடத் தாழ்ந்துவிட்டது. மழைத்தண்ணீர் நேராக அதற்குள்ளேயே இறங்கும். மூடியின் கழுத்தைச் செங்கல் வைத்து ஓரடி உயர்த்துவது மலிவான வேலை, யாரும் செய்வதில்லை.

சட்டப் புத்தகத்தில் ஒரு எண் இருக்கிறது. சோக் பிட்டுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே குறைந்தது 18 மீட்டர் இருக்கவேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. 18 மீட்டர் என்றால் ஏறத்தாழ அறுபதடி. எங்கள் மனை இருபதுக்கு அறுபது. போரை ஒரு மூலையிலும் டேங்கை எதிர் மூலையிலும் வைத்துக் கணக்கைச் சரிக்கட்டினாலும், பக்கத்து வீட்டு டேங்க் எங்கள் போருக்கு நாலடியில் இருக்கிறது. அந்தத் தண்ணீரைக் குடிக்க மாட்டேன், பல் தேய்க்கக்கூட மாட்டேன்.

நிலத்தடி நீர் மேலே இருக்கிற இடத்தில் குழிக்கழிப்பறை வேண்டாம் என்று முடிவெடுத்த ஊரும் தமிழ்நாட்டில் இருக்கிறது. காவிரிக்கரையில் முசிறிப் பக்கம், திருச்சியின் ஸ்கோப் அமைப்பு மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியாகப் பிரித்து எருவாக்குகிற கழிப்பறைகளைக் கட்டியது. தரைக்கு மேலே தொட்டி, தண்ணீர் மலத்தோடு சேராது. அதை நடத்திய மராச்சி சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இருபதுக்கு அறுபது மனையில் இரண்டு குடித்தனத்துக்கு அது எவ்வளவு சாத்தியம் என்பது வேறு பேச்சு. ஆனால் தண்ணீருக்குள் தண்ணீரைப் புதைக்க முடியாது என்று அவர்கள் சீக்கிரமே ஒத்துக்கொண்டார்கள்.

லாரி கூப்பிடும்போது எங்கே கொண்டுபோய் விடுவீர்கள் என்று கேளுங்கள். பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பிலும் பக்கிங்காம் கால்வாயிலும் இரவோடிரவாகத் திறந்துவிட்டுப் போன லாரிகளைப் பற்றிப் பேப்பரில் நிறையப் படித்தாயிற்று. 2014-ல் தமிழக அரசு இதற்கென்றே நெறிமுறைகள் கொண்டுவந்தது. 14420 என்ற எண்ணில் கூப்பிட்டால் உரிமம் பெற்ற வண்டி பற்றிக் கேட்கலாம்.

"லாரி ஓஸ் அடி வரைக்கும் எட்டல, ஒரு ஆளை இறக்கிடலாமா?" என்று யாராவது கேட்டால் கூடாது என்று சொல்லுங்கள். எவ்வளவு அவசரமானாலும், அந்த ஆளே தயார் என்றாலும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றை விடக் கனமானது, டேங்கின் அடியில் தங்கும். குறைவாக இருக்கும்போதுதான் நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அடுத்த மூச்சில் ஆள் விழுவார். தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் விழுவார். 2013-ம் வருஷச் சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை செப்டிக் டேங்கில் இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலை கொடுத்த வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். இறந்தால் குடும்பத்துக்கு முப்பது லட்சம் கொடுக்கவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன் பத்து லட்சமாக இருந்தது. சேறு இறுகியிருந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்து உறிஞ்சலாம். அதற்கு மெஷின் இருக்கிறது; கொஞ்சம் கூடுதல் காசு, அவ்வளவுதான்.

பாதாளச் சாக்கடை வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று எங்கள் தெருவில் நினைக்கிறார்கள். ஓரளவுக்குத் தீரும். சென்னையின் பழைய சாக்கடை அமைப்பு 1910-ல் வடிவமைக்கப்பட்டது. 1961-ல் ஜனத்தொகை 6.6 லட்சமாக இருக்கும் என்று அனுமானித்து அளவு போட்டிருந்தார்கள். அப்புறம் எத்தனை விரிவாக்கினாலும், மழை பெய்தால் நகரத்துக்குள்ளேயே மேன்ஹோல் பொங்குவதை என் நாத்தனாரே பார்த்திருக்கிறார். அதற்கு ஒரு முக்கியக் காரணம் நாம். மொட்டை மாடி மழைக்குழாயை வாசலில் தண்ணீர் நிற்கிறதே என்று சாக்கடைச் சேம்பரில் திருப்பிவிடுகிறோம். கழிவுக்கென்று அளவெடுத்த குழாயில் மழையைக் கொட்டினால் அது எங்கே போகும்? முதலில் தரைத்தளத்து வீடுகளின் பேனுக்குத்தான்.

இணைப்பு வாங்குகிற அன்று மூன்று வேலை இருக்கும். டேங்கைத் தவிர்த்து சேம்பரிலிருந்து நேராகக் குழாய் போடவேண்டும். பழைய டேங்கை உறிஞ்சி, கழுவி, மணல் போட்டு மூடவேண்டும். மாடிக் குழாயை மழைநீர்த் தொட்டிக்கே திருப்பவேண்டும். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள் என்று பிளம்பர் தம்பி இப்போதே பந்தயம் கட்டுகிறார்.